சரி என்று தொடாதீர்கள்

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போன மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் காரில் உட்கார்ந்தால் திரை சொல்கிறது: 'அப்டேட் நடக்கிறது. இன்னும் 38 நிமிடம். வண்டியை ஓட்ட முடியாது.'

முந்தின ராத்திரி அது ஏதோ அனுமதி கேட்க, உள்ளே விளையாடிக்கொண்டிருந்த என் பையன் 'சரி'யைத் தொட்டிருக்கிறான். இ.எம்.ஐ. கட்டுவது நான்!

ஆட்டோ பிடித்தோம்.

''பேட்டரி டவுனா சார்?''

''இல்லைப்பா, அப்டேட்.''

''அப்டீன்னா?''

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இன்றைய கார், சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் கூட்டம். பிரேக்குக்கு, பேட்டரிக்கு, திரைக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. செல்போன் போல ஒரு சிம்மும் உண்டு. கம்பெனியின் புது சாஃப்ட்வேர் அதன் வழியே வந்து இறங்கும். ஒர்க்‌ஷாப் போகவேண்டாம்.

நல்ல விஷயம்தான். 2018 மே மாதம் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை டெஸ்லா மாடல் 3-ஐச் சோதித்தது. 60 மைல் வேகத்தில் பிரேக் போட்டால் நிற்க 152 அடி ஆகிறதே என்று குறை சொன்னது. சில நாட்களில் காற்றில் ஒரு அப்டேட் வந்தது. யாரும் ஸ்பானரைத் தொடவில்லை. அதே கார் 133 அடியில் நின்றது.

கொடுக்கிற கை எடுக்கவும் செய்யும். 2019-ல் அதே கம்பெனியின் மாடல் எஸ் கார்கள் சிலவற்றில் ஓர் அப்டேட் பேட்டரியின் உச்ச வோல்டேஜைக் குறைக்க, முழு சார்ஜில் ஓடும் தூரம் குறைந்துபோனது. சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021-ல் 15 லட்சம் டாலருக்கு சமரசம். 2023 நவம்பரில் ரிவியன் கம்பெனி தவறான சாஃப்ட்வேரை அனுப்பிவிட, வண்டிகள் ஓடின, திரைகள் இருண்டன.

ஷோரூமில் மைலேஜ் கேட்பீர்கள். 'அப்டேட் பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியுமா?' என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

டயாலிசிஸ் முடிந்து வந்தால் அம்மாவுக்கு உடம்பு நடுங்கும். அடுத்த முறை திரும்பும்போது, ''குளிர்றதுடா'' என்றாள். ஏ.சி. பட்டன் திரையில் வழக்கமான இடத்தில் இல்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் மெனு மெனுவாகத் தேடினேன். ''முன்னாடி பாருடா!'' என்று அம்மா கத்தினாள். பஸ் நின்றிருந்தது. அரையடியில் நிறுத்தினேன்.

நல்லவேளை, பிரேக்கை மட்டும் காலடியிலேயே விட்டுவைத்திருந்தார்கள்.