புயலுக்குப் பின் முகமறியா நண்பர்கள்

பெரும்புயல் அடித்த பிறகு முகம் பார்த்திராத நண்பர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது அமெரிக்காவில் இருபது ஆண்டுகளாக வேரூன்றிவிட்ட வழக்கம். ஒரே கணினி விளையாட்டை ஆடுபவர்கள், ஒரே நோயுள்ள பிள்ளைகளை வளர்ப்பவர்கள், கம்பளி பின்னுபவர்கள், ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் என்று இணையத்தில் சேர்ந்த கூட்டங்கள் இவை. ஆண்டுக்கணக்காகத் தினமும் பேசியிருப்பார்கள். ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதித்திருக்க மாட்டார். பலருக்கு நண்பரின் புனைபெயர் மட்டுமே தெரியும். புயலுக்கு மறுநாள் காலை இந்தக் கூட்டங்களில் எழும் முதல் கேள்வி, இன்னாரிடம் யாராவது பேசினீர்களா என்பதுதான். அதற்குப் பதில் தேடிய விதம் 2005-இல் கத்ரீனா புயலின்போது ஒன்றாகவும், 2017-இல் ஹார்வியின்போது வேறாகவும், 2024-இல் ஹெலீனின்போது முற்றிலும் வேறாகவும் இருந்தது.

2005 ஆகஸ்ட் 29 அன்று லூசியானா கரையைத் தாக்கிய கத்ரீனாவால் நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்தன. நகரில் எண்பது விழுக்காடு நீரில் மூழ்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வளைகுடாக் கரையிலிருந்து இடம்பெயர்ந்தார்கள். ஒரே குடும்பத்தவர் வெவ்வேறு பேருந்துகளில் வெவ்வேறு மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காணாமற்போனோர் பட்டியலைச் செய்தித்தாள்கள் ஒருபுறமும் தொண்டு அமைப்புகள் ஒருபுறமும் வெளியிட்டதால், ஒரு பட்டியலில் தேடப்படுபவர் இன்னொரு பட்டியலில் "முகாமில் நலம்" என்று பதிவாகியிருப்பார். இரண்டையும் பொருத்திப் பார்க்க ஆளில்லை. கத்ரீனா பீப்பிள்ஃபைண்டர் என்ற தன்னார்வ முயற்சி இதைக் கையில் எடுத்தது. ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டில் உட்கார்ந்தபடியே சிதறிக் கிடந்த பட்டியல்களைப் படித்து, ஒவ்வொரு பெயரையும் ஒரே தரவுத்தளத்தில் தட்டச்சு செய்தார்கள். அதற்காக வகுக்கப்பட்ட பொதுப் பதிவு முறைதான் 2010 ஹைதி நிலநடுக்கத்தின்போது கூகுள் தொடங்கிய ஆள்தேடும் சேவைக்கும் அடிப்படை ஆனது.

இந்தத் துறையில் இலங்கைக்கு மூத்த இடம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். கத்ரீனாவுக்கு எட்டு மாதம் முன்பு, 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், அங்கிருந்த நிரலாளர்கள் 'சஹானா' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகிய கணக்குகளை ஒரே இடத்தில் வைக்க உதவிய அது, 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பிறகு ஹைதியிலும் பயன்பட்டது.

ஹார்வியில் கேட்க வேண்டியிருந்தது ஆளின் பெயரை விட அவர் நிற்கும் இடத்தை. 2017 ஆகஸ்ட் 25 இரவு டெக்சஸில் ராக்போர்ட் அருகே, மணிக்கு 210 கிலோமீட்டரைத் தொட்ட காற்றோடு கரையேறிய அந்தப் புயல், பிறகு வேகம் இழந்து நாள்கணக்கில் அதே வட்டாரத்தில் நின்று கொட்டியது. நெடர்லாந்து என்ற ஊரில் பதிவான மழை 60.58 அங்குலம், அதாவது 1,539 மில்லிமீட்டர். சென்னையில் ஓராண்டு முழுதும் பெய்யும் சராசரி மழையே இதைவிடக் குறைவு. ஹூஸ்டனில் 911 அவசர எண்ணுக்குக் குவிந்த அழைப்புகளை எடுத்து மாளவில்லை. படகு வைத்திருக்கும் பொதுமக்கள் உதவிக்கு வரவேண்டும் என்று ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியின் (மாவட்டம்) நிர்வாகத் தலைவர் எட் எம்மெட் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். 'கேஜன் நேவி' என்று பெயர் சூட்டிக்கொண்ட லூசியானாக்காரர்கள் தங்கள் மீன்பிடிப் படகுகளை வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். எந்தத் தெருவுக்குப் போவது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையைச் செய்தவர்களில் பலர் வெள்ளத்துக்கு வெகுதொலைவில், வேறு மாநிலங்களில் தங்கள் வீட்டில் இருந்தவர்கள்.

அவர்கள் கருவி ஸெல்லோ என்ற செயலி. கைபேசியை வாக்கிடாக்கி போல ஆக்கும் அதில், பொத்தானை அழுத்திப் பேசினால் அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் குரல் கேட்கும். உதவி கேட்டு ஒரு வேண்டுகோள் வந்தால் தொலைவில் இருப்பவர் கேட்டு வாங்க வேண்டியவை பல. கதவு எண், தெரு, அடுக்ககமானால் எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி. பெரியவர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர். நடக்க முடியாதவரோ, இன்சுலினோ ஆக்சிஜனோ தேவைப்படுபவரோ உண்டா. வீட்டுக்குள் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது. கைபேசியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது. இவற்றைப் பொது அட்டவணையில் ஒரு வரியாகப் பதிந்து, பக்கத்தில் இருக்கும் படகுக்காரரிடம் வாயால் சொல்லி, படகு போய்ச் சேர்ந்ததும் அதே வரியில் "மீட்கப்பட்டனர்" என்று குறிக்கவேண்டும். கடைசியில் சொன்ன இந்தச் சிறு வேலைதான் அடிக்கடி விட்டுப்போனது. உதவி கேட்ட ஒரு பதிவை நூறு பேர் நல்லெண்ணத்தோடு பகிர்வார்கள். குடும்பம் காலையிலேயே கரை சேர்ந்திருக்கும். பதிவு மட்டும் மாலைவரை சுற்றிக்கொண்டிருக்கும். ஆளில்லாத வீட்டுக்குப் போய் வெறுமனே திரும்பும் படகு, அந்த நேரத்தில் வேறொரு கூரைமேல் நிற்பவர்களிடம் போயிருக்க முடியும். பகிர்வதற்கு முன் அந்த எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்த்தவரின் உதவியே மேலானது.

டிக்கின்சன் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்துக்குள் வெள்ளம் புகுந்தது. சக்கர நாற்காலிகளில் இடுப்பளவு நீரில் மூதாட்டிகள் அமர்ந்திருக்கும் படத்தை இல்லத்தின் உரிமையாளர் புளோரிடாவிலிருந்த தம் மகள் குடும்பத்துக்கு அனுப்ப, அவர்கள் அதை ட்விட்டரில் வெளியிட்டார்கள். பார்த்த பலர் போலிப் படம் என்றே நினைத்தார்கள். ஆனாலும் செய்தி உரியவர்களை எட்டியது. அன்றே எல்லோரும் மீட்கப்பட்டார்கள். புளோரிடாவில் மின்சாரம் இருந்தது, இணையம் இருந்தது, பத்துப் பேரிடம் எடுத்துச் சொல்ல அவகாசமும் இருந்தது. வெள்ளத்தில் நிற்பவரிடம் இல்லாத இவையே தொலைவிலிருக்கும் நண்பரின் பலம். டெக்சஸில் கரையோரச் சில கவுண்டிகளைத் தவிர மற்ற இடங்களில் கைபேசிக் கோபுரங்கள் பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. ஹார்வியில் நடந்த அவ்வளவும் அதன்மேல் நின்றவை.

நீர் வடிந்த பிறகு தொடங்குவது மாதக்கணக்கான வேலை. வெளியில் அதிகம் பேசப்படாத இந்தக் கட்டத்தில்தான் இணைய நண்பர்கள் மிகப் பயன்படுகிறார்கள். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அதற்கு 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டில் தனியே சேர்ந்திருக்க வேண்டும். ஹார்வியில் நீர் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. எஞ்சியது பேரிடர் நிவாரண முகமையான ஃபீமாவின் உதவி. விண்ணப்பிக்க வழக்கமாக அறுபது நாள் கெடு. முதலில் மறுப்புக் கடிதம் வந்தால் பலர் அத்தோடு மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். பல சமயம் ஏதோ ஒரு சான்று சேர்க்காததே காரணமாக இருக்கும், மேல்முறையீடு செய்ய வழி உண்டு. ஈரத் துணியும் சேறுமாகக் கிடக்கும் வீட்டில் நிற்பவருக்கு அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படிக்கும் தெம்பு இருக்காது. வெளியூர் நண்பர் அதை வரிவரியாகப் படித்து, விட்டுப்போன தாள் எது என்று சொல்கிறார். அந்த நண்பர் முகமையிடம் நேரடியாகப் பேச, விண்ணப்பித்தவர் எழுத்தில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அதையும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

சின்னச் சின்ன நினைவூட்டல்களும் அப்படியே. சுவரில் நீர் நின்ற கோட்டைப் படம் எடுத்தாயா? நனைந்த ஜிப்சம் பலகையில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அறுத்து வெளியே போட்டாயா? ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் கொட்டகையிலோ ஓட்டாதே. இந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும். அமெரிக்காவில் ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பின்னும், காற்றுக்கும் நீருக்கும் தப்பியவர்கள் ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்குப் பலியாகிறார்கள். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கைபேசி வழியே அனுப்பும் சிறு தொகைகள் குழந்தையின் டயப்பருக்கும் பெட்ரோலுக்கும் அன்றைக்கே ஆகின்றன. எந்த அலுவலகமும் அந்த வேகத்தில் தராது. இரவில் மழைச்சத்தம் கேட்டாலே தூக்கம் கெடுகிற நிலை பலருக்கு மாதங்கள் நீடிக்கும். வேறு நேர மண்டலத்தில் விழித்திருக்கும் ஒரு நண்பர் அந்த நேரத்தில் பேச்சுத்துணையாக இருப்பதன் அருமை, அப்படி ஒருவர் இல்லாமல் அந்த இரவுகளைக் கழித்தவர்களுக்குத் தெரியும். முதல் வாரம் விசாரிக்க நூறு பேர் வருவார்கள். நாலாவது மாதமும் விசாரிப்பவர் வேண்டும்.

ஹெலீன் இந்த ஏற்பாடுகளையெல்லாம் வேரோடு சோதித்தது. 2024 செப்டம்பர் 26 இரவு புளோரிடாவில் மணிக்கு 225 கிலோமீட்டர் காற்றோடு கரையேறிய புயல், மறுநாள் பல நூறு கிலோமீட்டர் உள்நாட்டில் வட கரோலினாவின் மேற்கு மலைகளில் பெருவெள்ளமாக இறங்கியது. பூசிக் என்ற சிற்றூரில் மூன்று நாளில் 30.78 அங்குல மழை. ஆஷ்வில் நகரில் ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 1916 வெள்ளத்தின் சாதனை மட்டத்தையும் தாண்டியது. புயல் கடற்கரைக்காரர் கவலை என்று நம்பியிருந்த மலையூர்கள் இவை. சாலை, மின்கம்பம், கண்ணாடியிழைக் கம்பி, கைபேசிக் கோபுரம் எல்லாம் ஒரே நாளில் போயின. நாட்டின் வானிலைத் தரவுகளைச் சேமித்து வைக்கும் தேசிய மையம் ஆஷ்வில்லில்தான் இருக்கிறது. அதன் சேவைகளும் நின்றுபோயின. ஆஷ்வில் மக்களுக்குக் குழாயில் குடிக்கத்தக்க நீர் திரும்பியது நவம்பர் 18 அன்றுதான்.

அந்த முதல் நாள்களில் வெளியூர் நண்பர்கள் அனுப்பிய செய்திகள் எதற்கும் பதில் இல்லை. ஸெல்லோவும் இணையமில்லாமல் ஊமை. அப்போது பேசியது ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் ரேடியோ. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயரமான சிகரம் மவுண்ட் மிட்சல், 2,037 மீட்டர். அந்த மலையில் ஹாம் ரேடியோக்காரர்கள் வைத்திருந்த மறு ஒலிபரப்பி தாக்குப்பிடித்தது. பள்ளத்தாக்கில் கையடக்க ரேடியோவில் பேசுபவரின் மெல்லிய சமிக்ஞையை வாங்கி, வலுவாக்கி, மலைக்கு அப்பால் வரை அது அனுப்பும். ஒருவர் அலைவரிசையை ஒழுங்குபடுத்த, மற்றவர்கள் முறைவைத்துப் பேசினார்கள். இன்ன தெருவில் இன்னாரைப் பார்த்து வர முடியுமா, இந்த வீட்டில் ஆக்சிஜன் தீரப்போகிறது, எந்தப் பாலம் இன்னும் நிற்கிறது, வெளியூரில் இருக்கும் மகளுக்கு நாங்கள் நலம் என்று சொல்லுங்கள். இப்படிப்பட்ட சேதிகளைத் தொடர்பு இருக்கும் பக்கத்தில் உள்ளவர் வாங்கி உரியவருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவார். அமெச்சூர் ரேடியோ பேசுபவர்களும் நாள்தோறும் ஒரே அலைவரிசையில் கூடி, குரலால் மட்டும் அறிமுகமான நண்பர்கள்தான். இணையத்துக்கு முந்தைய தலைமுறை. 2004 டிசம்பரில் அந்தமானில் ஆழிப்பேரலை தாக்கியபோது, ஹாம் ரேடியோ முயற்சிக்காகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் இதே வேலையைச் செய்தார்கள். அமெரிக்காவில் இதற்கான முதல்நிலை உரிமத்துக்கு 35 கேள்விகளில் 26-க்குச் சரியாக விடையளித்தால் போதும். இந்தியாவிலும் தேர்வெழுதி உரிமம் பெறலாம். பேரிடர் வரும் ஊரில் வாழ்பவர்கள் செலவிடும் நேரத்துக்குத் தகுந்த படிப்பு இது.

தொடர்பு மெல்லத் திரும்பும்போது முதலில் போய்ச் சேர்வது குறுஞ்செய்தி. குரல் அழைப்புக்குப் பேசும் நேரம் முழுதும் தடம் வேண்டும். குறுஞ்செய்தி நொடிப்பொழுது இடம் கிடைத்தாலும் நுழைந்துவிடும், கிடைக்காவிட்டால் காத்திருந்து போகும். சார்ஜை மிச்சப்படுத்த, நாளுக்கு இரண்டு வேளை மட்டும் கைபேசியைத் திறப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்தவர்கள் அதிக நாள் தொடர்பில் இருந்தார்கள். அந்த வட்டாரத்து வானொலியான புளூ ரிட்ஜ் பப்ளிக் ரேடியோ, வேகமில்லாத இணைப்பிலும் திறக்கும்படி படங்களே இல்லாமல் எழுத்து மட்டும் கொண்ட செய்திப் பக்கத்தை வெளியிட்டது. பலரும் பின்பற்றத்தக்க யோசனை.

தொலைவில் இருப்பவர் செய்யக்கூடிய பெருந்தீங்கு வதந்தி. ஹெலீனின்போது படகில் நாய்க்குட்டியை அணைத்து அழும் சிறுமியின் படம் லட்சக்கணக்கானோரைக் கலங்கவைத்தது. அது செயற்கை நுண்ணறிவு வரைந்தது. வட கரோலினாவின் சிம்னி ராக் ஊரை அரசு பறிக்கப்போகிறது என்றும், நிவாரணம் 750 டாலரோடு முடிந்தது என்றும் பரவியதை மறுக்க ஃபீமா தனியே ஒரு பக்கம் திறக்க வேண்டியிருந்தது. அந்த 750 டாலர் அப்போது உடனடித் தேவைக்காகத் தரப்பட்ட முதல் தொகை மட்டுமே. வதந்தியை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டவருக்கு அதற்கு மேல் கிடைத்திருக்கக் கூடியதும் போயிற்று. அக்டோபரில் மிரட்டல் காரணமாக ஃபீமா பணியாளர்கள் சில இடங்களில் வேலையை நிறுத்திவைக்க நேர்ந்தது.

மூன்று புயல்களிலும் உதவி சேர்ந்ததையும் சேராததையும் தீர்மானித்தது பெரும்பாலும் ஒன்றுதான்: நண்பர் எங்கே வசிக்கிறார் என்பது யாருக்காவது தெரியுமா? புனைபெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் படகையும் அனுப்ப முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் வேதாரண்யம் பக்கத்திலும் கைபேசிகள் ஓய்ந்துபோன நாள்களை வெளிநாட்டில் பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள், தினமும் பேசும் நண்பர்களில் நம்பிக்கையான ஓரிருவரிடம் கதவு எண்ணோடு முகவரியையும், பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும், வெளியூர் உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுடையதையும் கொடுங்கள். அதைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.