வானத்தில் எழுதிய பரீட்சை

அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, கலிபோர்னியா மாநிலத்தின் தென்கோடியில் உள்ளது சான் டியேகோ நகரம். அங்கே வாழும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தோம். ஒரு சனிக்கிழமை விடியுமுன்னரே நண்பர் எம்மைத் தட்டியெழுப்பினார். “பாலைவனத்திலே ஒரு பரீட்சை நடக்கிறது, பார்த்து வருவோம்” என்றார். பின் ஆசனத்தில் அவருடைய மகன் அமர்ந்திருந்தான். பதினாறு வயது, கணிதத்தில் வல்லவன் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆயினும் அன்று அவன் வாய் திறக்கவில்லை. “சில வாரங்களாக இப்படித்தான்” என்று நண்பர் தாழ்ந்த குரலிற் சொன்னார்.

ஊசியிலை மரங்கள் நிறைந்த குளிர்ந்த மலைகளைக் கடந்ததும், வீதி பாம்பைப்போல் வளைந்து வளைந்து இறங்குகின்றது. ஒவ்வொரு வளைவிலும் மரங்கள் குறைந்தன; வெப்பம் மிகுந்தது. அடிவாரத்தை அடைந்தபோது முட்புதர்களும் மணலும் பாறையுமே எம்மைச் சூழ்ந்திருந்தன. அன்சா-பொறேகோ பாலைவனம் என்னும் பெரும் வனப் பூங்கா இதுவே. இதன் நடுவே அமைந்த சிற்றூர் பொறேகோ ஸ்பிறிங்ஸ். வீதிச் சமிக்ஞை விளக்கு ஒன்றேனும் இல்லாத ஊர். வெளியெங்கும் இரும்புத் தகட்டாற் செய்த யானைகளும் குதிரைகளும் நிற்கின்றன. 350 அடி நீளமான இரும்புச் சர்ப்பம் ஒன்று வீதியின் ஒருபுறம் மணலுள் மூழ்கி, மறுபுறம் தலை தூக்குவதுபோல் அமைந்திருக்கின்றது.

ஊர்ப்புறத்தே உள்ள விமானத்தளமும் சிறியதே. ஒற்றை ஓடுபாதை, சில கொட்டகைகள், காற்றின் திசை காட்டும் துணிப்பை ஒன்று. இங்கே ஆகாய வித்தைப் போட்டிகள் நடைபெறுவதுண்டு. 1970ஆம் ஆண்டு தோன்றிய சர்வதேச ஆகாய வித்தைக் கழகத்தின் விதிகளின்படி போட்டியாளர் ஐந்து படிகளாக வகுக்கப்படுகின்றனர். நாம் காணச் சென்றது முதற் படியில் நிற்கும் கற்றுக்குட்டிகளின் போட்டியை.

கொட்டகையின் நிழலில் ஒரு விந்தையைக் கண்டோம். நடுவயதினர் ஒருவர் கண்களை மூடிக்கொண்டு, வலக்கையை விமானமாகப் பாவித்து, அதை உயர்த்தியும் கவிழ்த்தும் தாமும் திரும்பித் திரும்பி அடியெடுத்து வைத்தார். அபிநயம் பயிலும் நாட்டிய மாணவியின் நினைவே எமக்கு வந்தது. ஏறுமுன் தம் வித்தைகளை வரிசைப்படி மனத்திற் பதித்துக்கொள்ள விமானிகள் எல்லோரும் இவ்வாறு ஆடிப் பார்ப்பார்களாம். அவ்வரிசை ஓர் அட்டையில் கோட்டுச் சித்திரமாக வரையப்பட்டு, விமானியின் கண்முன்னே ஒட்டப்பட்டிருக்கும். சிறு புள்ளி வைத்தால் வித்தையின் ஆரம்பம். குறுக்குக் கோடு இட்டால் முடிவு. அரெஸ்தி என்னும் ஸ்பானிய விமானி வகுத்த இந்தச் சித்திர மொழியை உலகெங்குமுள்ள ஆகாய வித்தைக்காரர் இன்று வாசிக்கின்றனர்.

போட்டிக்குரிய வானம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 3,300 அடி. அதன் எல்லைகளைத் தரையில் விரித்த வெள்ளை அடையாளங்கள் காட்டுகின்றன. கற்றுக்குட்டிகள் 1,500 அடிக்குக் கீழே இறங்கலாகாது. நடுவர்கள் வெயிலிலே நாற்காலிகளில் அண்ணாந்து அமர்ந்திருப்பர். ஒவ்வொருவரும் பிறரைக் கலக்காது பத்துக்கு இத்தனை என்று புள்ளியிடுவர். வழி ஐந்து பாகை விலகினால் ஒரு புள்ளி போய்விடும். வித்தையின் கடினத்துக்கு ஏற்ற எண்ணால் அப்புள்ளி பெருக்கப்படும். வளையத்துக்குரிய எண் 10. ஆகவே, ஏழு புள்ளி பெற்றவருக்கு எழுபது கிடைக்கும். வளையம் என்றால் காற்று எப்படி அடித்தாலும் தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வட்டமாகவே தோன்றவேண்டும், முட்டையாகிவிடக் கூடாது!

கற்றுக்குட்டிகள் செய்யும் வித்தைகளில் எம் நெஞ்சை நடுங்கவைத்தது சுழல் வீழ்ச்சியே. விமானி இயந்திர விசையைக் குறைத்து மூக்கை உயர்த்துகின்றார். வேகம் குன்றுகின்றது. இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் வலிமையை இழக்க, அது ஒருபுறம் சரிந்து, சுழன்றுகொண்டே வீழ்கின்றது. மிகச் சரியாக ஒரு சுற்று முடிந்ததும் அவர் அதை நிறுத்திக் காட்டவேண்டும்.

விமானங்கள் தோன்றிய காலத்தில் இச்சுழலில் அகப்பட்டவர் மீள்வது அரிது. 1912ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி, இங்கிலாந்தின் சோல்ஸ்பரி வெளிக்கு மேலே வில்பிரட் பார்க் என்னும் கடற்படை அதிகாரி இதில் வீழ்ந்தார். அறிந்த உபாயம் யாவும் பயனற்றுப் போகவே, சுழலும் திசைக்கு எதிராகச் சுக்கானை அழுத்தினார். தரைக்கு ஏறக்குறைய 50 அடி இருக்கையில் விமானம் நிமிர்ந்தது. இறங்கியதும் அவர் தாம் செய்தவற்றையும் தவறியவற்றையும் ஒன்றும் மறையாது பிறருக்கு எடுத்துரைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விபத்தில் அவர் மாண்டாராயினும், அவர் சொல்லிவைத்தது வீண்போகவில்லை. சுழலுக்கு எதிராகச் சுக்கானை அழுத்துவது இன்று மாணவ விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் பாடத்தின் ஒரு பகுதி.

முதல் வளையத்தின் கதையும் சுவையானதே. 1913ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, கீவ் நகரில் ரஷ்ய இராணுவ விமானி நெஸ்தெரோவ் முதன்முதலாக வானில் வளையமிட்டார். அரசாங்கச் சொத்தை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று அவரைக் காவலில் வைத்தார்கள்! பின்னர் அதே செயலுக்காகப் பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

அன்று ஆரம்பப் பிரிவிலே ஐவர் பறந்தனர். அவர்களுள் ஒருவர் நாற்பது வயது கடந்த பாடசாலை ஆசிரியை. போட்டியிற் பறப்பது அவருக்கு அதுவே முதன்முறை. துணியால் மூடிய இறக்கைகளையுடைய ‘சிற்றாப்ரியா’ என்னும் எளிய விமானத்தை அவர் கொண்டுவந்திருந்தார். அப்பெயரை ஆங்கில எழுத்துக்களிற் பின்னிருந்து வாசித்தால் ‘எயர்பாற்றிக்’ என்று வரும். ஆகாய வித்தைக்குரியது என்ற பொருள் தொனிக்கும். பரசூட்டை முதுகிற் கட்டிக்கொண்டு ஏறுமுன், அவருடைய விரல்கள் நடுங்குவதைக் கண்டோம். போட்டியாளர் இருவர் அருகே சென்று, அவருடைய பட்டிகளை இழுத்துச் சரிபார்த்தார்கள். தம்மை வெல்லக்கூடிய ஒருவருக்கே அவர்கள் துணை செய்தது எமக்குப் புதுமையாக இருந்தது.

முதற் பறப்பில் அவருடைய சுழல் வீழ்ச்சி ஏறக்குறைய முப்பது பாகை அதிகமாகச் சுற்றிவிட்டது. ஆறு புள்ளிகள் போயின. பிற்பகல் இரண்டாம் பறப்பு. காற்று வலுத்திருந்தது. சுழல் வீழ்ச்சி இம்முறை நன்றாக அமைந்தது. ஆனால் வித்தைக்கு வித்தை விமானம் சிறிது சிறிதாக உயரத்தை இழந்துகொண்டு வந்தது. அடுத்தது வளையம், அதற்கு வேகம் சேர்க்க மேலும் கீழே பாயவேண்டும். பாயப் போகின்றார் என்று நாம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த கணத்தில் விமானம் நேரானது. இறக்கைகளை மும்முறை ஆட்டிவிட்டு அவர் பெட்டியை விட்டு விலகி மேலேறத் தொடங்கினார்.

அதுவரை பேசாதிருந்த பையன் திடுக்கிட்டான். “மாமா, ஏன் நிறுத்திவிட்டார்? புள்ளி குறைப்பார்களே! எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே!”

“உண்மைதான், தம்பி. நிறுத்தினால் தண்டப் புள்ளி உண்டு” என்றோம். வேறு விடை எமக்குத் தெரியவில்லை.

சில நிமிடங்களில் அவர் போதிய உயரத்துடன் திரும்பி வந்தார். மீண்டும் இறக்கைகளை ஆட்டி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். வளையம் முற்றும் வட்டமாக அமையவில்லை. இறுதியாக ஒரு முறை புரண்டு நிமிர்ந்து, அவர் தரை இறங்கினார்.

பறப்புகள் யாவும் முடிந்தபின், முதிய நடுவர் ஒருவர் தேநீர்க் கோப்பையுடன் எம்மருகே வந்து நின்றார். பையன் தன் கேள்வியை அவரிடமே கேட்டான். அவர் சிரித்தார். “வளையமிட எவரும் கற்கலாம். உயரம் போதாது என்று கண்டதும், இத்தனை பேர் பார்க்கையில் நிறுத்துவதற்குத்தான் நெடுநாட் செல்லும். அதற்கு என் தாளிற் புள்ளியிட இடமில்லை. இருந்தால் பத்தும் கொடுத்திருப்பேன்” என்றார்.

மாலையில் முடிவுகள் வாசிக்கப்பட்டன. ஆசிரியை ஐவரில் ஐந்தாமவர். பெயர் சொன்னபோது எழுந்த கைதட்டல் முதல்வருக்குக் கிடைத்ததினும் குறைந்ததன்று. அவர் தம் புள்ளித் தாளை மறைக்கவில்லை. எல்லோருக்கும் விரித்துக் காட்டி, “சுழலை எங்கே நிறுத்தத் தொடங்கவேண்டும்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அருகே நின்று பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாம் புறப்படும்போது இருட்டிவிட்டது. விளக்கொளியைக் குறைத்து இரவு வானத்தைப் பேணும் ஊர் என்று 2009ஆம் ஆண்டிலேயே உலக அங்கீகாரம் பெற்ற இடம் அது. ஆகவே வானத்தில் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. மலை வீதியில் ஏறத் தொடங்கியபோது பின் ஆசனத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அப்பா, போன மாதம் கணிதப் பரீட்சையில் ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டு நேரத்தையெல்லாம் போக்கிவிட்டேன். தாள் வந்துவிட்டது. உங்களிடம் காட்டவில்லை.”

நண்பர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. காரின் வேகத்தை மட்டும் சற்றுக் குறைத்தார். பின்னர், “வீட்டுக்குப் போனதும் எடுத்துக்கொண்டு வா, ராசா. இருவருமாகப் பார்ப்போம்” என்றார்.

நாம் சாளரத்தின் வழியே நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.