தோள் உயரக் கறை

கருப்பன் செத்து இரண்டு மாதம் ஆன பிறகுதான் அப்பா கூண்டைப் பற்றிப் பேசினார். பக்கத்துத் தாமானில் ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. "ஒண்ணு எடுத்துட்டு வரலாம். அதுக்கு முன்ன கூண்டக் கழுவணும்" என்றார். முழங்கால் வலி வந்ததிலிருந்து அவரால் குனிய முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறி முடித்ததும் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வாளியும் பிரஷும் என் கைக்கு வந்தன.

அந்தக் கூண்டு அப்பா கட்டியது. மேருவில் ஒரு பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் வெல்டராக இருந்தவர். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயையும் கம்பி வலையையும் பற்றவைத்துச் செய்திருந்தார். பற்றவைக்கும்போது துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் அடிக்கும். அந்த மாதிரி நாள்களில் அப்பா பால் குடிப்பார், பட்டறையில் எல்லாரும் அப்படித்தான். பாலால் ஒரு பயனும் இல்லை என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து சொல்லவும் சொன்னேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான்.

கூண்டின் உள்பக்கம் சுற்றிலும் ஒரே உயரத்தில் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. கருப்பனின் தோள் உயரம். பதினோரு வருடம் உரசி உரசி அவன் உடம்பு எண்ணெய் படிந்த இடம். மேலே சமையலறைக் காற்றாடி வெளியே தள்ளும் தாளிப்பு எண்ணெயும், ரோட்டுத் தூசியும் அதில் சேர்ந்திருந்தன. விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது.

சவர்க்காரம் போட்டு இரண்டு நிமிடம் தேய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. சாக்கடை அடைப்புக்கு வாங்கி வைத்திருந்த காஸ்டிக் சோடா ஞாபகம் வந்தது. கையுறை போட்டு, தண்ணீரில் கரைத்து, ஒரு பக்கம் முழுக்கப் பூசினேன். எண்ணெய் உடனே வழிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் கம்பியில் சின்னச் சின்னக் குமிழிகள் வரத் தொடங்கின. பைப்பைத் திறந்து கழுவிவிட்டுப் பார்த்தால், பளபளப்பு போய்க் கம்பி கருஞ்சாம்பலாக இருந்தது.

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. துத்தநாகம் அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். பிஎச் ஏறக்குறைய 6 முதல் 12 வரை இருந்தால்தான் அந்தப் பூச்சு தாங்கும். குமிழியாக வந்தது ஹைட்ரஜன். இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டு இரும்பைக் காப்பதுதான் துத்தநாகத்தின் வேலை. அது போய்விட்டால் அடுத்து துருதான். அரிப்பியல் தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

"காஸ்டிக் போட்டா கெட்டுப்போகும்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீ இஞ்சினியராச்சே. தெரிஞ்சுதான் செய்றேன்னு நெனச்சேன்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. சின்ன வயதில் நான் ஸ்பேனர் பிடிக்கும் விதத்துக்குக்கூடத் திட்டுவார். பட்டம் வாங்கி வந்த பிறகு அவர் என்னை ஒருமுறையும் திருத்தியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒருவேளை அந்தப் பால் விஷயத்திலிருந்தே நிறுத்திவிட்டாரோ என்னவோ.

"மத்த மூணு பக்கத்த எப்படிக் கழுவறது? சொல்லுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். சுடுதண்ணீரில் பாத்திரச் சவர்க்காரம். கீழிருந்து மேலே பூச வேண்டும். மேலிருந்து பூசினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த இடத்தில் கோடு கோடாக இறங்கும். பத்து நிமிடம் ஊறட்டும், காயவிடக் கூடாது. இரும்புநார் வேண்டாம், மெதுவான பிரஷ் போதும். அலசும்போது மட்டும் மேலிருந்து கீழே. நாய் நக்கும் இடம், சவர்க்காரம் துளியும் நிற்கக் கூடாது.

மூன்றாவது தடவையில் பட்டை கரைந்தது. உள்ளே துத்தநாகம் மங்கலாக, ஆனால் முழுசாக இருந்தது. நான் கெடுத்த பக்கத்துக்குத் துத்தநாகச் சாயம் பூச வேண்டும் என்றார். பற்றவைத்த மூட்டுகளுக்கு அவர் பூசியதே.

மதியமாகிவிட்டது. முடிந்தது என்று எழுந்தேன்.

"டேய், அந்த மூலையில விட்டுட்ட பாரு. கண்ணு தெரியலயா?"

திரும்பவும் பிரஷை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.