ஓட்டியா, வண்டியா?

துடுப்பாட்ட வீரர் ஒருவர் நன்றாக ஆடினால் புகழ் முழுவதும் அவருக்கே உரியது. மட்டைக்கு மாலை சூட்டுவார் எவருமிலர். மோட்டார்ச் சைக்கிள் பந்தயத்திலோ நிலைமை வேறு. வென்றது ஓட்டியா, வண்டியா என்னும் வழக்கு, ஓட்டம் முடிந்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இவ்வழக்கை விசாரிக்கும் மன்றங்களுக்குக் குறைவில்லை. தேநீர்க் கடை ஒரு மன்றம். வண்டி திருத்தும் கொட்டில் மற்றொன்று. ஐரோப்பாவில் கோடைகாலத்தில் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும் ஓட்டம், நமக்கு மாலை 5.30 மணிக்குக் கைப்பேசித் திரையில் தோன்றும். அது முடிந்ததும் கடற்கரையிலும் விசாரணை தொடரும். நாம் ஏறிச் செல்பவை பெரும்பாலும் 100 முதல் 150 சி.சி. வரையிலான எளிய வண்டிகளே. ஆயினும் 1,000 சி.சி. வண்டிகளைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதற்கு அது ஒரு தடையன்று.

நாம் பெரிதும் விரும்பிப் பார்ப்பது சூப்பர்பைக் உலகப் போட்டி. 1988ஆம் ஆண்டில் தொடங்கிய இப்போட்டியில் ஓடுபவை, பொதுமக்களுக்கு விற்கப்படும் வண்டிகளை அடிப்படையாகக் கொண்டவை. பந்தயத்துக்கென்றே படைக்கப்படும் மோட்டோ ஜீபீ வண்டிகள் வேறு இனம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக் களத்திலும், கடையில் விற்கும் வண்டிகளைத் திருத்தியோட்டும் 165 சி.சி. பிரிவொன்றில் ஜெகன் குமார், ராஜீவ் சேது போன்ற ஓட்டிகள் மோதியதுண்டு. நம் ஒழுங்கையில் நிற்கும் வண்டியின் உறவினர்களே அங்கு ஓடுகின்றன. ஆகவே இப்பந்தயத்தில் நமக்கு ஒருவித உரிமை உணர்வு பிறப்பது இயல்பேயாம்.

“அவர் நல்ல ஃபோர்மில் இருக்கிறார்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சொல்லின் பொருளை 2019ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. ஸ்பெயின் நாட்டு அல்வாரோ பௌதிஸ்தா, டுக்காட்டியின் புதிய வண்டியில் ஏறி முதல் 11 ஓட்டங்களையும் தொடர்ந்து வென்றார். “எல்லாம் வண்டியின் வேகம்” என்றனர் ஒரு சாரார். ஆனால், அதே வண்டியில் ஓடிய அவருடைய அணித் தோழர் சாஸ் டேவிஸ், பல வெற்றிகள் கண்ட அனுபவசாலியாயிருந்தும், அவற்றுள் ஒன்றையேனும் வெல்லவில்லை. ஆகவே ஓட்டியே பெரியவர் என்று நம் மன்றங்கள் தீர்ப்பெழுதின.

தீர்ப்பின் மை உலருமுன்னே காட்சி மாறிற்று. யூன், யூலை மாதங்களில் பௌதிஸ்தா பலமுறை விழுந்தார், தோளிலும் காயமுற்றார். வட அயர்லாந்தின் ஜோனதன் றே, அந்த 11 ஓட்டங்களிலும் பெரும்பாலும் இரண்டாமிடத்தைப் பற்றிக்கொண்டிருந்தவர். நீண்ட ஓட்டத்தில் முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 20 புள்ளி. தோற்ற நாளிலும் ஐந்து புள்ளிக்கு மேல் இழக்காதிருக்கும் பொறுமை, ஆண்டிறுதியில் பட்டத்தை அவருக்கே அளித்தது.

அந்த றேயின் பிற்காலம் நம்மை இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைத்தது. 2015 முதல் 2020 வரை கவாசாகி வண்டியில் தொடர்ந்து ஆறு பட்டங்கள் வென்ற அவர், 2024இல் யமஹாவுக்கு மாறினார். துருக்கி நாட்டுத் தொப்ராக் ரஸ்கத்லியோலு விட்டுச் சென்ற இடம் அது. பீ.எம்.டபிள்யூ.வுக்குச் சென்ற ரஸ்கத்லியோலு 13 ஓட்டங்களைத் தொடர்ந்து வென்று, இடையில் காயத்தால் இரு சுற்றுகளை இழந்தபோதிலும், அந்நிறுவனத்துக்கு முதன்முறையாக உலகப் பட்டத்தை ஈட்டிக் கொடுத்தார். றேயோ யமஹாவில் இரண்டு ஆண்டுகள் ஓடியும் ஒரு வெற்றியேனும் காணாது, 2025 இறுதியில் முழுநேரப் பந்தயத்தினின்றும் விலகினார்.

“கிழவனின் கதை முடிந்தது” என்று இளைஞர் சிலர் நகைத்தபோது, கொட்டிலில் வண்டி திருத்திக்கொண்டிருந்த பெரியவர் தலைநிமிர்ந்தார். “தம்பி, வெண்டவனைப் பாக்காதை. விழுந்தவன் அடுத்த கிழமை எப்பிடி ஓடுறான் எண்டு பார்” என்றார்.

அவர் கூறியதில் நியாயமுண்டு. ஆறு பட்டம் வென்ற கைகள் ஓரிரவில் வித்தையை மறந்துவிடுவதில்லை. கைக்கும் வண்டிக்கும் இடையே உள்ள இணக்கமே ஓட்ட நிலை எனப்படுவது. அது கூடும், குலையும், சில வேளை மீண்டும் கூடாமலே போகும். ஆதலால் அதை அளக்க விரும்புவோர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டு அளத்தலாகாது. அதே வண்டியில் ஓடும் தோழர் என்ன செய்தார், மழையில் எவ்வாறு ஓடினார், வெல்ல முடியாத நாளில் எத்தனை புள்ளிகளைக் காப்பாற்றினார் என்பனவற்றையெல்லாம் நோக்குதல் வேண்டும்.

பரீட்சைப் பெறுபேறு வரும் நாள்களில் நம் வீடுகளிலும் இத்தகைய தீர்ப்புகள் எழுதப்படுகின்றன. ஒரு வினாத்தாளைக் கொண்டு ஒரு பிள்ளையின் கதை முடிந்ததென்று உரைப்போரும் உளர். பள்ளிக்கூடம் மாறியதும், புதிய பாடத்தோடு கை இணங்காததும் அவர்களுடைய கணக்கில் வருவதில்லை. முன்பின் அறியாத ஓட்டிகளுக்காக மாலை முழுவதும் வழக்காடும் நாம், அந்தப் பிள்ளைக்காகவும் சற்று நேரம் வழக்காடலாமன்றோ?