இன்னும் ஒரே ஒரு வாய்

"அவங்ககிட்ட என்னதான் பேசுவீங்க?" வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் இந்தத் தொண்டுக்குப் போவது தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. பேச்சு கொஞ்சம்தான். புற்றுநோய் முற்றி, இனி செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பார்க்க எங்கள் குழு போகிறது. செவிலியர் புண்ணைக் கழுவிக் கட்டுவார், சிறுநீர்க் குழாயைப் பார்ப்பார், மாத்திரைகளை எண்ணுவார். அந்த நேரத்தில் தன்னார்வலனுக்கு வாய்ப்பவர்கள் வீட்டார். அதுவும் பெரும்பாலும் அடுப்படியில்.

அங்கே எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். நொய்க் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், ஆட்டுக்கால் சூப்பு, பக்கத்தில் சீவி வைத்த இளநீர். நோயாளிக்கு வலி குறைந்திருக்கும், நாலு நாளுக்குப் பிறகு நல்ல தூக்கம் வந்திருக்கும். வீட்டாருக்கு அதெல்லாம் அப்புறம். என்ன சாப்பிட்டார் என்பதுதான் கணக்கு. விசாரிக்க வரும் சொந்தக்காரர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். "டிரிப்ஸாவது ஏத்தக்கூடாதா?" என்று ஒரு வார்த்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ராத்திரி முழுக்க அந்த வீடு தூங்காது. இந்தச் சொந்தக்காரர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர். கல்லீரல் வரை பரவிவிட்டது. நாங்கள் போனபோது மனைவி அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, டம்ளரிலிருந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரே ஒரு வாய்." அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஸ்பூன் பல்லில் பட்டு டக்கென்றது. உள்ளே போன கொஞ்சமும் இறங்காமல் கடைவாயில் வழிந்தது. புரையேறி, கண் பிதுங்க இருமினார். அந்தம்மா முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி ஸ்பூனை டம்ளருக்குள் விட்டார்.

உடம்பு ஓயத் தொடங்கினால் பசி தானாக அடங்கும், குடலின் வேலை குறையும். வற்புறுத்தி ஊட்டுவது மூச்சுக்குழாய்க்குள் போனால் காய்ச்சலும் சளியும்தான் மிச்சம். அந்தக் கட்டத்தில் ஏற்றும் குளுக்கோஸ் பல நேரம் கால் வீக்கமாகவும் நெஞ்சில் கரகரப்பாகவும் போய்ச் சேர்கிறது. செவிலியர் இதைப் பொறுமையாகச் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். நாங்கள் படியிறங்கியதும் ஸ்பூன் கைக்கு வந்துவிடும். கல்யாணமான நாள் முதல் பரிமாறிய கையை, "ஊட்டாதே" என்று சொல்லிக் கட்டிப்போட முடியுமா? அந்தக் கைக்கு வேறு வேலை தர வேண்டும். என் வேலை என்று நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

சுத்தமான துணியை ஆறிய வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் என்று மெதுவாகத் துடைக்கக் காட்டினேன். வாயால் மூச்சு விடுபவருக்கு நாக்கு மரப்பட்டை போலக் காய்ந்துவிடும். தாகம் என்று அவர் தவிப்பதில் பாதி இந்த உலர்ச்சிதான். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். அவராகக் கேட்டால் மட்டும், தலையை உயர்த்தி வைத்து, அரை ஸ்பூன். அந்தம்மா முதலில் பயந்து பயந்துதான் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் கணவர் நாக்கை லேசாக நீட்டிக் கொடுத்தார். "காப்பி கேக்குறார் சார்" என்றார் அந்தம்மா. எப்படிப் புரிந்துகொண்டாரோ. அடுத்த துணியைக் காப்பியில் நனைத்தோம்.

மற்றவர்களுக்கும் பங்கு உண்டு. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது மகனுக்கு. மாத்திரை நேரத்தைக் குறித்து வைப்பது, வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால், அதனிடம். வலி மருந்தான மார்பின் நாலு மணிக்கொரு தரம், வலி வருவதற்கு முன்பே, கூடவே மலமிளக்கி. மார்பின் என்றாலே கதை முடிந்தது என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு உரிமச் சிக்கலுக்குப் பயந்து மருத்துவமனைகளே அதை வாங்கி வைக்கத் தயங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியும் தெருமுனை மருந்துக்கடையில் கிடைப்பதில்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரணப் பணிதான், வாய்வழி மார்பினை வீட்டிலேயே பத்திரமாகக் கொடுக்க முடியும் என்று நம் பக்கத்தில் காட்டியது. அக்கம்பக்கத்து ஆட்களைப் பழக்கி அனுப்பும் முறையும் கேரளத்தில்தான் வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், செவிலியரை வீட்டுக்கே அனுப்புகிறது. ஆனால் அவருக்கு அன்றைக்கே இன்னும் பல வீடுகள் பாக்கி. அடுப்படியில் உட்கார நேரம் உள்ளவன் ஓய்வூதியக்காரன்.

பழைய வேலையும் அவ்வப்போது கைகொடுக்கும். நாமினி பெயர் இல்லாத கணக்குகள் எத்தனையோ. எழுந்து வர முடியாதவரின் கைநாட்டை வாங்க வங்கி அலுவலரே வீட்டுக்கு வர விதி இருக்கிறது. தெரியாமல், ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோக நினைக்கிறார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஒரு தடவை போவேன். மிச்சமிருக்கும் மார்பினைத் திரும்ப வாங்கிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது சாக்கு. லாரிக்காரர் வீட்டில் நான் உட்காருவதற்குள் அந்தம்மா கேட்டார்: "அன்னைக்குக் கட்டாயப்படுத்தி ரெண்டு வாய் குடுத்திருந்தா இருந்திருப்பாரா சார்?"

"சாப்பிடாததால அவர் போகலம்மா. நோய் முத்தினதால சாப்பாடு இறங்கல."

கொஞ்ச நேரம் கழித்து அதையே வேறு மாதிரி கேட்டார். நானும் அதையே சொன்னேன். பிறகு இறப்புப் பதிவைப் பற்றிப் பேச்சு வந்தது. 21 நாளுக்குள் பதிய வேண்டும். மகன் இன்னும் போகவில்லையாம். வங்கிக்கு ஒன்று, இன்சூரன்ஸுக்கு ஒன்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்க ஒன்று என்று வேண்டிய நகல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.