பலாக்காயும் களாக்காயும்

கிடைக்கப் போகும் பலாக்காயினும் கிடைத்த களாக்காய் மேல் என்பது நம் நாட்டுப் பழமொழி. பண்ருட்டிப் பலாவுக்கு அண்மையிலுள்ள விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வாழும் நம்மனோர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பழமொழியை அறிந்தோர் யாவரும் அதன்வழி நடப்பவரல்லர். இக்காலத்தில் அப்பழமொழியைப் பெரிதும் சோதிக்கும் பொருள் ஒன்றுண்டு. அது கணினியினுள் பொருத்தப்படும் கிராபிக்ஸ் கார்டு. அதனைச் செய்வோர் தம்முள் இடும் போட்டியைப் பற்றியும், அப்போட்டி திண்டிவனத்துச் சிறு கடையொன்றில் வந்து புகுந்த விதத்தைப் பற்றியும் நாம் கண்டறிந்தவற்றை நம் கல்லூரி அன்பர்க்குச் சிறிது கூற விரும்புகின்றோம்.

முதற்கண் அக்கார்டின் தொழில் யாதென அறிதல் நன்று. நாம் காணும் கணினித் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் இருக்குமாயின், மொத்தம் 20,73,600 புள்ளிகளாகும். படம் தடையின்றி அசைவதாகத் தோன்றும் பொருட்டு அதனை விநாடிக்கு 60 முறை புதிதாக வரைய வேண்டுமெனின், ஒரு விநாடியில் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணித்தாக வேண்டும். கணினியின் தலைமைச் சில்லு மிக்க வல்லமை உடையதே. எனினும் அது சில கைகளையே உடைய பெருந்தச்சனை ஒக்கும். கிராபிக்ஸ் சில்லோ நடவு வயலில் வரிசையாகக் குனிந்து நிற்கும் மகளிர் கூட்டத்தை ஒக்கும். ஒவ்வொருவர் செய்வதும் எளிய வேலை. அனைவரும் ஒருங்கே செய்தலால் பொழுது சாயுமுன் வயல் முழுதும் பசுமையாகிவிடுகின்றது. இக்காலத்துச் சில்லுகளில் இத்தகைய சிறு கணக்குக் கருவிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. விளையாட்டுக்கென்று வளர்ந்த இச்சில்லே இன்று கலியாண வீடியோக்களைத் தொகுப்பதற்கும், செயற்கை நுண்ணறிவு என்னும் புதுக்கலைக்கும் கருவியாகின்றது.

இத்தொழிலில் எதிரெதிர் நிற்போர் முதன்மையாக இருவர். ஒருவர், 1993-ல் தோன்றிய என்விடியா கம்பெனியார். மற்றவர், 2006-ல் கானடா நாட்டு ஏ.டி.ஐ. கம்பெனியை விலைக்கு வாங்கி இத்துறையில் புகுந்த ஏ.எம்.டி. கம்பெனியார். 2022-ல் இன்டெல் கம்பெனியாரும் 'ஆர்க்' என்னும் பெயருடைய கார்டுகளோடு மூன்றாமவராய் வந்து சேர்ந்தனர். முன்னாளில் வேறு பலரும் இருந்தனர். அவருள் திரீ டி எஃப் எக்ஸ் என்பார் 1996-ல் 'வூடு' என்ற கார்டினால் பெரும்புகழ் எய்தினர். 1999-ன் பிற்பகுதியில் என்விடியா 'ஜிஃபோர்ஸ் 256' என்பதனை வெளியிட்டபோது, அதற்கு மறுமொழியாக அவர் சொல்லிவந்த 'வூடு 5' தாமதப்பட்டுத் தாமதப்பட்டு 2000-ன் நடுவிலேதான் கடைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தம் உடைமைகளை அந்த எதிரிக்கே விற்க அவர் இசைய நேர்ந்தது. வருகின்றது, வருகின்றது என்ற சொல் ஒரு வாணிகத்தை எத்துணைக் காலம் தாங்கும் என்பதற்கு இஃதோர் அளவுகோல்.

நிற்க. இப்போட்டியின் சூடு மிகுவது பொருள் கடைக்கு வந்த பின்னரன்று. வருவதற்கு முந்திய வாரங்களிலேயாம். 2019 ஜூனில் ஏ.எம்.டி. தன் 'ரேடியான் 5700 எக்ஸ்.டி.' கார்டுக்கு 449 டாலர் என விலை கூறியது. ஜூலை 2-ஆம் நாள் என்விடியா 'சூப்பர்' என்ற அடைமொழியுடன் திருத்திய கார்டுகளை அறிவித்தது. ஜூலை 7-ஆம் நாள் விற்பனை தொடங்க இருந்த ஏ.எம்.டி., ஜூலை 5-ஆம் நாளே தன் விலையை 399 டாலராகக் குறைத்தது. ஒரு கார்டும் கைமாறுமுன் வாங்குவோர்க்கு 50 டாலர் மிச்சமாயிற்று! 2022-லோ, என்விடியா 899 டாலர் விலையில் அறிவித்த கார்டு ஒன்றின் பெயர் குழப்பம் விளைப்பதெனப் பலரும் குறைகூற, விற்பனைக்கு வருமுன்னரே அக்டோபர் 14-ஆம் நாள் அதனை மீட்டுக்கொண்டது. 2023 ஜனவரியில் அச்சரக்கே வேறு பெயருடன் 799 டாலருக்கு வெளிவந்தது. ஆகவே போட்டி தீதென்று கூறுவார் கூற்றை நாம் ஒப்பமாட்டோம். ஒரே கடையுள்ள ஊரில் விலை இறங்குவதை யார் கண்டார்?

ஆயினும் இந்த அறிவிப்புப் போருக்கு மற்றொரு முகமும் உண்டு. நம் தமக்கையாரின் புதல்வன் திண்டிவனத்தில் சிறியதொரு ஸ்டுடியோ வைத்துக் கலியாண ஆல்பங்களும் வீடியோக்களும் தயாரித்து வருகின்றான். 2020 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் புதிய கார்டுகள் மலிவாக வருகின்றன என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. பழைய கார்டின் விலை விழுந்துவிடும் என அஞ்சிய அவன், வேலை செய்துகொண்டிருந்த கார்டை உடனே விற்றுவிட்டு, தாயார் சீட்டெடுத்துக் கொடுத்த பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். செப்டம்பர் 17-ஆம் நாள் ஒரு சாராரின் புதிய வரிசையில் முதற்கார்டு விற்பனைக்கு வந்தது, வந்தவுடனே தீர்ந்தது. "பொறுங்கள் மாமா, அடுத்த கம்பெனிக் கார்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றான். நவம்பர் 18-ஆம் நாள் அதுவும் வந்தது; அதுவும் அவ்வாறே தீர்ந்தது. பெருந்தொற்றுக் காலமாதலின் ஆலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அதனோடு, ஈத்தரியம் என்னும் எண்மப் பணத்தை ஈட்டுவதற்கென்று கார்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கிக் குவித்தவரும் பலர். சென்னை ரிச்சித் தெரு வரை சென்று விசாரித்தும் அறிவித்த விலையில் அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இதற்கிடையில் தை பிறந்தது, கலியாணங்கள் வந்தன. கடை இருந்தது, வேலை இருந்தது, கருவி இல்லை. அவன் மாலையில் பஸ் ஏறி விழுப்புரம் சென்று, நண்பர் ஒருவரின் கணினியில் இரவெல்லாம் வேலை செய்து, கூலியில் பாதியை அவருக்கு ஈந்து, விடியற்காலையில் சிவந்த கண்களுடன் ஊர் திரும்புவான். நம் தமக்கையார் வாசற்படியில் உட்கார்ந்து காத்திருப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். அடுத்த ஆவணியில்தான், தான் விற்றதனை ஒத்த பழைய கார்டு ஒன்றை, விற்ற விலையினும் மிகுதியாகக் கொடுத்து அவன் வாங்கினான். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் ஈத்தரியத்தின் முறை மாறி, அதற்குக் கார்டு வேண்டாததாயிற்று. அவ்வாண்டில் விலைகளும் படிப்படியாக இறங்கின. ஆனால் அவன் இழந்த இரவுகளை எந்தக் கம்பெனி திருப்பித் தரும்?

2025 ஜனவரியில் மீண்டும் அதே காட்சி. 549 டாலர் விலையுள்ள தன் புதிய 'ஆர்.டி.எக்ஸ். 5070', முன் வரிசையில் 1,599 டாலருக்கு விற்ற தலையாய கார்டின் ஆற்றலைத் தருமென்று என்விடியா மேடையில் கூறிற்று. திரையில் சில படங்களைச் செயற்கை நுண்ணறிவே இடையிட்டு வரைந்து சேர்ப்பதையும் கூட்டியே அக்கணக்குச் சொல்லப்பட்டது. ஏ.எம்.டி.யோ தன் விலையைச் சொல்லாமல் மறைத்து வைத்து, பிப்ரவரி 28-ஆம் நாளே வெளியிட்டது. மார்ச் 5-ஆம் நாள் ஒன்றும், மார்ச் 6-ஆம் நாள் மற்றொன்றும் கடைக்கு வந்தன. இவ்வளவு பகைமை பாராட்டும் இரு கம்பெனிகளின் சில்லுகளும் தைவான் நாட்டில் டி.எஸ்.எம்.சி. என்னும் ஒரே நிறுவனத்தாரால் செய்யப்படுவன. அவற்றின் தலைவர்களாகிய ஜென்சன் ஹுவாங்கும் லிசா சூவும் அந்நாட்டிற் பிறந்த உறவினரே என்பது கேட்போர்க்கு வியப்பளிக்கும். ஒரே தறிக்கூடத்தில் நெய்த சேலைகளை எதிரெதிர்க் கடைகளில் விற்பது போலும் இது.

இம்முறை நம் மருமகப்பிள்ளை அறிவிப்புகளைப் படிக்கவில்லை என்று கூறமாட்டோம். விடிய விடியப் படித்தான். ஆனால் அவற்றோடு தன் கணக்குப் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டான். ஒரு கலியாண வீடியோவை முடிக்கத் தன் பழைய கருவிக்கு எத்தனை மணி நேரம் ஆகின்றது, தை, மாசி இரண்டு மாதங்களில் எத்தனை வேலைகள் ஒப்புக்கொண்டுள்ளான், காத்திருந்தால் எவற்றைக் கைவிட வேண்டும் என்று எழுதிப் பார்த்தான். பின்னர் கடையில் இருப்பில் இருந்த முன் வரிசைக் கார்டு ஒன்றை ஜனவரி முடியுமுன் வாங்கினான். பழையதை விற்கவுமில்லை, புதியது பழுதானால் உதவுமென்று துணியில் சுற்றி வைத்துவிட்டான். மார்ச்சில் வந்த புதுக்கார்டுகள் பல நாடுகளில் அறிவித்த விலைக்குக் கிடைப்பது அரிதாயிற்று. அவனோ அதற்குள் ஒப்புக்கொண்ட வேலைகளையெல்லாம் வீட்டிலிருந்தே முடித்திருந்தான்.

விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து திசைகளிலிருந்து இருப்புப்பாதைகள் வந்து கூடுகின்றன. அடுத்த வண்டியில் கூட்டம் குறைவாயிருக்கும் என்று வந்த வண்டியை விட்டுவிடுவோரை அங்கே நாள்தோறும் காணலாம். அவரை நாம் குறைகூறோம்; அடுத்த வண்டிக்குக் கால அட்டவணை உண்டு, கட்டணமும் மாறாது. கம்பெனியாரின் அறிவிப்போ அட்டவணையன்று. அது எதிரியின் பொருளை வாங்க நீட்டிய கையைத் தடுத்து நிறுத்தும் உபாயமும் ஆகும். வேலை காத்திராதவர் வேண்டுமளவு காத்திருக்கலாம். விலை இறங்கினால் அவருக்கு லாபமே. வேலை கையில் உள்ளவரோ, காத்திருத்தலுக்கும் ஒரு விலையுண்டு என்பதனையும் கணக்கிற் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். அவ்விலையை எந்த விளம்பரமும் அச்சிடுவதில்லை. வாங்குவோர் தாமே எழுதிக்கொள்ள வேண்டியதாம்.

நம் மாணவ நண்பர்களுட் பலர் இச்சில்லுகளை வாங்குவோர். சிலர் நாளை பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இக்கம்பெனிகளின் கூடங்களில் அமர்ந்து இவற்றை வரைவோரும் ஆகலாம். அங்ஙனம் ஆவோர், தாம் குறிக்கும் வெளியீட்டு நாளொன்றை நம்பித் தொலைவிலுள்ள சிற்றூரில் ஒருவன் தன் கருவியை விற்றுவிட்டுக் காத்திருக்கக்கூடும் என்பதனை நினைவிற் கொள்வாராக. எஞ்சியோர்க்கு நாம் கூறுவது இதுவே: வரவிருக்கும் பலா வரட்டும், வரும்போது சுவைப்போம், அதற்காகக் களாவை எறிய வேண்டுவதில்லை.