உம்மாவின் நெய்ப் போத்தல்

எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு நேர் மேலே இருந்த தட்டில், சர்பத் அடைத்து வந்த ஒரு பழைய கண்ணாடிப் போத்தல் இருந்தது. அதற்குள் நெய். மூடி எப்போதோ தொலைந்து போயிருந்தது. வெள்ளைச் சீலைத் துண்டொன்றை உருட்டி அதன் வாயில் திணித்து வைத்திருப்பார் உம்மா. யாருக்காவது பிள்ளை கிடைத்தால், சின்னவர்களுக்கு நெஞ்சுச் சளி கட்டினால், பெருநாளைக்கு நெய்ச்சோறு ஆக்கினால் அந்தப் போத்தல் கீழே இறங்கும். மற்ற நாட்களில் அதைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை.

இது 1980களின் பிற்பகுதிக் கதை. பட்டர் என்ற சாமானை அந்த வயதில் நான் கண்ணால் கண்டதில்லை. டவுன் கடைகளில் ஐஸ் பெட்டிக்குள் இருக்குமென்று கேள்விப்பட்டதோடு சரி. எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேற்கே வயல் வட்டைகள், அதற்கும் அப்பால் எருமைப் பட்டிகள். நெய் அங்கிருந்துதான் வரும்.

ஒரு முறை வாப்பாவோடு பட்டிக்குப் போய் இரவு தங்கியிருக்கிறேன். சுபஹுக்கு முன்னரே மத்துச் சத்தம் கேட்டது. வெயில் ஏறினால் வெண்ணெய் திரளாது, இளகி மோரோடு கலந்துவிடும் என்று பட்டிக்கார மாமா சொன்னார். திரண்டு வந்த வெண்ணெய் வெள்ளை வெளேரென்றிருந்தது. பசு வெண்ணெயின் மஞ்சள் நிறம் எருமைக்கு வராது. புல்லிலுள்ள கரோட்டினை எருமை விற்றமின் ஏ ஆக மாற்றிவிடுவதே காரணம் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். எருமைப் பாலில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு கொழுப்பு இருக்கும், பசுப்பாலில் நாலு பங்குதான். வெண்ணெயை உருக்கும்போது ஒரு பிடி முருங்கையிலையை அதற்குள் போட்டார்கள். இலை மொறுமொறுத்ததும் சட்டியை இறக்க வேண்டும். நெய்யில் பொரிந்த அந்த இலைக்காக நானும் மாமாவின் பிள்ளைகளும் அடிபட்டுக்கொண்டது இன்னும் ஞாபகம்.

2002இல் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். கற்பித்தல் பயிற்சிக்காகப் பிரிஸ்டல் போட்டில் படம் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் தெரிவு செய்தது போசாக்கு. நடைபாதையில் வாங்கிய பழைய சுகாதாரப் புத்தகமொன்றைப் பார்த்து இரண்டு கட்டங்கள் கீறினேன். பச்சைக் கட்டத்தில் மாஜரீன், சோயா எண்ணெய், மரக்கறி, மீன். சிவப்புக் கட்டத்தில் பட்டர், நெய், தேங்காயெண்ணெய், முட்டை மஞ்சட்கரு. நல்ல கையெழுத்து. விரிவுரையாளர்கூட நிறங்களைப் பாராட்டினார். அந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் என் முதல் பாடசாலைக்குப் போனேன்.

2005இல் தரம் 9 வகுப்பில் அதைக் கொழுவிவிட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பட்டிக்காரர் ஒருவரின் மகன் எழுந்தான்.

"சேர், அப்ப எங்கட வாப்பா விக்கிற நெய்யத் திண்டா நெஞ்சி வருத்தமா வரும்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "கூடத் திண்டா வரும்" என்றேன். 'கூட' என்ற சொல் யாருடைய காதிலும் விழவில்லை. அன்று பின்னேரத்துக்குள் அவனுக்கு 'கொலஸ்ட்ரோல்' என்று பட்டம் சூட்டியாயிற்று. சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் அந்தப் பெயர் அவனை விடவில்லை. பாடசாலையில் பட்டப் பெயர் சாதாரண சங்கதிதான். ஆனால் இதை வைத்தவன் நான்.

அடுத்த வருடம் உம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. வைத்தியசாலையில் ஆறு நாள். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் உப்பையும் எண்ணெய், நெய், பட்டரையும் குறைக்கச் சொன்னார். குறைக்கத்தான் சொன்னார். வீட்டில் படித்தவன் நான் அல்லவா, அதைச் சட்டமாக்கினேன். நெய்ப் போத்தலைக் கிணற்றடியில் கவிழ்த்தேன். உம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கடையிலிருந்து மஞ்சள் நிற மாஜரீன் டப்பா வாங்கி வந்து, காலையில் பாணுக்கு நானே பூசிக் கொடுத்தேன். மாஜரீனைப் பற்றி வைத்தியர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது முழுக்க முழுக்க என்னுடைய பிரிஸ்டல் போட்டிலிருந்து வந்தது.

"மனே, இதுக்கு மணமுமில்ல, ருசியுமில்ல. என்னத்துலகா செய்யிற?" என்று ஒருநாள் கேட்டார்.

"மரக்கறி எண்ணெய்ல உம்மா. ஒடம்புக்கு நல்லம்."

நான் சொன்னது பாதி உண்மை. மாஜரீன் பிறந்தது 1869இல், பிரான்சில். மூன்றாம் நெப்போலியன் பட்டருக்கு மலிவான மாற்றுப் பொருளொன்றைக் கேட்க, மேஜ் மூரியே என்பவர் மாட்டுக் கொழுப்பையும் ஆடை நீக்கிய பாலையும் சேர்த்துச் செய்து காட்டினார். மரக்கறி எண்ணெய் பின்னர் வந்தது. ஆனால் எண்ணெய் திரவம், பாணில் பூச வராது. ஆகவே நிக்கலின் துணையோடு ஐதரசன் வாயுவைச் செலுத்தி அதைக் கட்டியாக்கினார்கள். இதை அரைகுறையாகச் செய்யும்போது கொழுப்பமிலங்களில் ஒரு பகுதி திரிந்து வேறு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ட்ரான்ஸ் கொழுப்பு என்பது அதுதான். அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி நல்ல கொலஸ்ட்ரோலைக் குறைக்கிறது என்று 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பட்டர் முதலாவதை மட்டும் செய்கிறது, இது இரண்டையும் செய்தது. 2003இல் டென்மார்க் சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்தியது. நான் வகுப்பில் படம் கொழுவியது அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகு. உம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த டப்பாவில் ட்ரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் எனக்கு விளங்கியிராது.

நெய்யை மறித்த நான் சீனியை மறிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாளொன்றுக்கு ஐந்தாறு பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. காலையில் வெள்ளைப் பாண், பகல் வெள்ளைச் சோறு, இரவு கோதுமை மா ரொட்டி. என் சிவப்புக் கட்டத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 2009இல் உம்மாவுக்குச் சீனி வருத்தம் கண்டுபிடித்தார்கள். 2013இல் மௌத்தானார். நெய்யை நிறுத்தியதால் இறந்தார் என்றோ மாஜரீனால் இறந்தார் என்றோ நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எந்த வைத்தியருக்கும் முடியாது. ஏழு வருடம் அந்த மனுசிக்கு விருப்பமான ஒன்றைப் பிடுங்கிவிட்டு, அதைவிட மோசமாக இருந்திருக்கக்கூடிய ஒன்றை, மகன் என்ற உரிமையோடும் மாஸ்டர் என்ற தோரணையோடும் ஊட்டினேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

2014இல் அமெரிக்காவின் டைம் சஞ்சிகை பட்டரைச் சாப்பிடுங்கள் என்று அட்டையிலேயே போட்டது. அதே சஞ்சிகைதான் 1961இல் கொழுப்புக்கு எதிராக எச்சரித்த அன்சல் கீஸின் படத்தையும் அட்டையில் போட்டிருந்தது. நண்பரொருவர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்து காட்டியபோது எனக்கு முதலில் வந்தது கோபம். பிறகு ஒரு வகையான அற்ப சந்தோசம், உம்மா வென்றுவிட்டார் என்பது போல. ஆசிரிய விடுதியில் ஒரு மாதம் அதையே பேசிக்கொண்டு திரிந்தேன். இதிலும் அவசரப்பட்டுவிட்டேன் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

பின்லாந்தின் வட கரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டுவோரும் பால் பண்ணைக்காரரும் வாழும் பிரதேசம். 1970களின் தொடக்கத்தில் அங்கே பத்தில் ஒன்பது பேர் பாணுக்குப் பட்டர் பூசினார்கள். நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். 1972இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பட்டரைக் குறைத்து எண்ணெய்க்கு மாறினார்கள், புகையை விட்டார்கள், உப்பைக் குறைத்தார்கள், பெரிப் பழம் பயிரிட்டார்கள். நாற்பது வருடங்களுக்குள் உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய் மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. எல்லாப் புகழும் பட்டரை விட்டதற்கே என்று சொல்ல முடியாது, சிகரட்டுக்கும் உப்புக்கும் பங்குண்டு. ஆனால் பட்டருக்குப் பங்கில்லை என்று சொல்லவும் முடியாது.

2016இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி, ஆறு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரின் விபரங்களைப் பார்த்தவர்கள், பட்டரால் பெரிய கேடுமில்லை பெரிய நன்மையுமில்லை என்றார்கள். 2025 மார்ச்சில் வெளியான அமெரிக்க ஆய்வு வேறு விதமாகக் கணக்குப் போட்டது. இரண்டு இலட்சத்து இருபத்தோராயிரம் பேர், முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கண்காணிப்பு. மிகக் கூடுதலாகப் பட்டர் சாப்பிட்டவர்களிடையே இறப்பு 15 வீதம் அதிகம். நாளொன்றுக்குப் பத்துக் கிராம் பட்டருக்குப் பதிலாக அதேயளவு தாவர எண்ணெய் என்று கணித்துப் பார்த்தால் 17 வீதம் குறைவு. இரண்டு ஆய்வுகளும் சண்டை பிடிப்பது போலத் தோன்றும். அதன் இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்று கேட்டால் சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பட்டரை எடுத்துவிட்டுச் சோயா எண்ணெயோ ஒலிவ் எண்ணெயோ வைத்தால் லாபம். வெள்ளை மாவும் சீனியும் வைத்தால் லாபமில்லை. பழைய மாஜரீனை வைத்தால் நட்டம். நான் உம்மாவுக்கு வைத்தது கடைசி இரண்டையும்.

இதையெல்லாம் ஓர் அறிவாளியைப் போல எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு 2025 ஓகஸ்டில் இரத்தம் சோதித்தபோது கெட்ட கொலஸ்ட்ரோல் 158. கிளினிக்கில் இருந்த இளம் வைத்தியரிடம், நான் பட்டர் தொடுவதேயில்லை, நெய் பெருநாளைக்கு மட்டும்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டார்:

"வூட்டுல நாளைக்கு எத்தின தேங்காய் சேர்?"

ஆறு பேருக்கு இரண்டு. ஆளுக்கு மூன்றிலொரு பங்கு, ஏறக்குறைய நூறு கிராம் பருப்பு. நூறு கிராம் தேங்காய்ப் பருப்பில் 33 கிராம் கொழுப்பு, அதில் 30 கிராம் வரை நிரம்பிய கொழுப்பு. பிழிந்த பின்னர் பூவோடு ஒரு பகுதி போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மேசைக்கரண்டிப் பட்டரில் இருப்பதோ ஏழு கிராம்தான். இரண்டாயிரம் கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 கிராம். அந்த எல்லையைப் பட்டர் வருவதற்கு முன்னரே ஆணமும் சம்பலும் சேர்ந்து நெருங்கிவிடுகின்றன. பொரிப்பதற்கு வாங்கும் பாம் எண்ணெயிலும் கிட்டத்தட்டப் பாதி நிரம்பிய கொழுப்புத்தான். பட்டர் ஆரோக்கியமான உணவா என்று வெள்ளைக்காரன் கேட்கும் கேள்வி அவனுடைய பாண் மேசைக்குரியது. எங்கள் சகனுக்கு அந்தக் கேள்வியைத் தேங்காய்த் திருவலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் போலிருக்கிறது. தேங்காய்க் கொழுப்பு வேறு ரகம், அது ஒன்றும் செய்யாது என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. நானும் அப்படி நம்பத்தான் ஆசைப்படுகிறேன். என் இரத்தம் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப ஆணத்தத் தண்ணியிலயா ஆக்கச் சொல்லுறீங்க?" என்றாள்.

இப்போது இரண்டு தேங்காய் ஒன்றாகியிருக்கிறது. சண்டை இன்னும் முடியவில்லை. காலையில் சிவப்பரிசிப் பிட்டு, பிளேன்டீக்குச் சீனி கிடையாது. பெருநாளைக்கு நெய்ச்சோறு உண்டு, பட்டரின் தேவை எங்களுக்கு இல்லை. வகுப்பில் இப்போது சிவப்பு, பச்சைக் கட்டங்கள் கீறுவதில்லை. பிள்ளைகளை வீட்டிலிருந்து வெறும் டப்பாக்களையும் பைக்கட்டுகளையும் கொண்டுவரச் சொல்லி, அவற்றில் எழுதியிருப்பதை வாசிக்க வைக்கிறேன். எழுதாதவற்றையும் கேட்கச் சொல்கிறேன்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மட்டைக் கழற்றியவன், "சேர், கொலஸ்ட்ரோல் வந்திருக்கன்" என்றான். மூன்று பிள்ளைகளின் தகப்பன். மேய்ச்சல் தரை சுருங்கிப் பட்டியும் சிறுத்துவிட்டது, இருந்தாலும் கொஞ்சம் தயிரும் நெய்யும் விற்கிறான். அரைப் போத்தல் நெய் வாங்கினேன். உள்ளே கூப்பிட்டு இருத்தி, அந்தப் படத்தையும் அன்று சிரித்ததையும் சொல்லி மாப்புக் கேட்டேன். அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"அத விடுங்க சேர். வாப்பா இன்னும் ஹயாத்தோட இரிக்காரு, எண்பத்திரெண்டு வயசி. இப்பவும் பட்டிக்கு நடந்துதான் போறாரு."

"நெய் சாப்பிடுவாரா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"நெய்யா? வித்தாத்தானே சேர் எங்களுக்குச் சோறு. வூட்டுல எங்களுக்கு மோர்தான் மிஞ்சின."

காசை எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவி கொடுத்த சீனியில்லாத பிளேன்டீயை முகம் சுழிக்காமல் குடித்துவிட்டுப் போனான்.